பிழையை முன்னரே எதிர்பார்த்த பெண்மணி



ஒரு தாய் மேசைமுன் அமர்ந்து கருத்தூன்றி வேலை செய்துகொண்டிருக்கிறார். அருகில் அவருடைய சின்னஞ்சிறு மகள். குழந்தையின் கை சும்மா இருக்குமா? கைக்கெட்டிய பொத்தானை அழுத்துகிறது. அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் திடீரென நின்றுவிடுகிறது. இத்தகைய நேரத்தில் நாம் என்ன செய்வோம்? குழந்தையை அதட்டி அப்பால் அனுப்பிவிட்டு, இயந்திரத்தைச் சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வோம். நம்மில் பெரும்பாலோர் செய்யக்கூடியது இதுவே.

ஆனால், 1960-களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பணியாற்றிய ஒரு தாய் அவ்வாறு செய்யவில்லை. இன்று இந்தக் குழந்தை அழுத்திய பொத்தானை, நாளை நிலவுக்குப் போகும் வீரர் ஒருவரும் தவறுதலாக அழுத்திவிட்டால் அவருடைய கதி என்னவாகும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். மேலதிகாரிகளிடம் எடுத்துரைத்தார். அவர்களோ அதற்குச் செவிசாய்க்கவில்லை. பிறகு நடந்தது என்ன என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறீர்கள்.

அந்தத் தாயின் பெயர் மார்கரெட் ஹாமில்ட்டன். நிலவில் முதலில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் பெயரை அறியாதவர் இல்லை. அவரை அங்கே இறக்கிய கணிப்பொறிக்கு மதியூட்டியவர்களின் தலைமையில் நின்ற இப்பெண்மணியின் பெயரையோ உலகம் நெடுங்காலம் அறியாமலே இருந்தது.

பேராசிரியராக விரும்பியவர்

மார்கரெட் ஹாமில்ட்டன் 1936-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பேயோலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தத்துவத்திலும் கவிதையிலும் நாட்டம் கொண்டவர். பாட்டனாரோ பள்ளித் தலைமையாசிரியர். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவின் போதகரும்கூட. கேள்வி கேட்பதும், விடை தேடுவதும் அவ்வீட்டில் அன்றாடப் பழக்கமாக இருந்தன.

ஏர்ல்ஹாம் கல்லூரியில் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும், தத்துவத்தைத் துணைப் பாடமாகவும் பயின்று 1958-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியின் கணிதத் துறைக்குத் தலைமை வகித்தவர் ஃபிளாரன்ஸ் லாங் என்ற பெண் பேராசிரியர். அவரைக் கண்ட மாணவியின் உள்ளத்தில், தானும் அவரைப்போல் ஒரு கணிதப் பேராசிரியராக வேண்டும் என்ற ஆசை வேர்விட்டது. ஒரு நல்லாசிரியை வகுப்பறையில் வந்து நிற்பதே எத்தனை பெண்மக்களின் வாழ்க்கைக்கு வழிகாட்டிவிடுகிறது, பார்த்தீர்களா?

ஆனால் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. திருமணமாகிப் பாஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார். கணவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றுகொண்டிருந்தார். அவருடைய படிப்பு முடியும்வரை மனைவி வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்குவது, பின்னர் மனைவி தம் உயர்கல்வியைத் தொடர்வது என்பது அவர்களுடைய திட்டம். 1959-இல் மகள் லாரன் பிறந்தாள். வருமானத்திற்கென்று ஏற்ற வேலையே மார்கரெட்டின் வாழ்நாள் துறையாக மாறிவிட்டது. அவர் எண்ணியிருந்த மேற்படிப்பு நிறைவேறவே இல்லை.

பாடப்புத்தகம் இல்லாத படிப்பு

எம்.ஐ.டி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், வானிலை ஆய்வாளரான பேராசிரியர் எட்வர்டு லோரென்ஸ் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் நேரும் மிகச் சிறிய வேறுபாடு முடிவில் மிகப் பெரிய மாற்றத்தை விளைவிக்கக்கூடும் என்பதைத் தம் வானிலைக் கணக்குகளின் வாயிலாக நிறுவி, பிற்காலத்தில் உலகப் புகழ் எய்தியவர் இவர். அவருடைய அலுவலகத்தில் எல்.ஜி.பி.-30 என்ற கணிப்பொறி ஒன்று இருந்தது. எழுது மேசை அளவே ஆன அவ்வியந்திரத்திற்கு வானிலை நிரல்கள் எழுதும் வேலை மார்கரெட்டுக்குக் கிடைத்தது.

அவர் கணிப்பொறியை முறைப்படி பயின்றவரா? இல்லை. பயில விரும்பினாலும் அக்காலத்தில் அதற்கென ஒரு பட்டப்படிப்பு இருக்கவில்லை. வேலையில் அமர்ந்த பிறகே, வேலையினூடே கற்றுக்கொள்ள வேண்டும். தவறு செய்து, அத்தவறு எங்கே ஒளிந்திருக்கிறது எனத் தேடிக் கண்டு, அதிலிருந்து பாடம் பெற வேண்டும். அவ்வாறுதான் கற்றார்.

1961 முதல் 1963 வரை எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். பகை விமானங்களைக் கண்டறிந்து எச்சரிக்கும் 'சேஜ்' என்ற பாதுகாப்புத் திட்டத்துக்கான நிரல்களை எழுதுவது அங்கே பணி. புதிதாக வருவோரைச் சோதிப்பதற்கென்றே அங்கே ஒரு நிரல் வைத்திருந்தார்களாம். அதை எவராலும் இயக்க முடிந்ததில்லை. அதை எழுதியவர் விளக்கக் குறிப்புகளைக் கிரேக்க மொழியிலும் இலத்தீன் மொழியிலும் எழுதி வைத்திருந்தார்! புதியவர் திணறுவதைக் கண்டு பழையவர்கள் மகிழ்வது வழக்கம். மார்கரெட்டிடமும் அதுவே கொடுக்கப்பட்டது. அவர் அதை இயக்கிக் காட்டினார். விடைகளையும் கிரேக்கத்திலும் இலத்தீனிலுமே அச்சிட்டு வரச் செய்தார்.

இன்னொரு நிகழ்ச்சியையும் அவர் நினைவுகூர்ந்துள்ளார். அந்தப் பெரிய கணிப்பொறி இயங்குகையில் ஒலி எழுப்பும். மார்கரெட் எழுதிய நிரல் ஒன்று ஒழுங்காக ஓடும்போது கடற்கரையில் அலைகள் புரளும் ஓசை கேட்குமாம். ஒரு நாள் விடியற்காலையில் தொலைபேசி மணி அடித்தது. அவருடைய நிரலிலிருந்து கடலோசை கேட்கவில்லை என்று கணிப்பொறியை இயக்குபவர் தெரிவித்தார். மார்கரெட் அக்கணமே புறப்பட்டு ஓடினார். குழந்தையின் மூச்சொலி மாறினால் தாய் விழித்துக்கொள்வதைப் போலத்தான் இதுவும்.

நெய்யப்பட்ட நினைவகம்

இப்பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவுக்கு அனுப்பி நலமுடன் திரும்ப அழைத்து வருவோம் என்று அமெரிக்க அதிபர் கென்னடி 1961 மே மாதத்தில் அறிவித்தார். அந்தப் பயணத்திற்கு வழிகாட்டும் கணிப்பொறியை ஆக்கும் பொறுப்பு எம்.ஐ.டி.யின் கருவியியல் ஆய்வுக்கூடத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே ஆட்கள் தேவை என்ற செய்தியைக் கண்ட மார்கரெட் தொடர்புகொண்டார், பணியில் சேர்ந்தார்.

முதலில் அவருக்குக் கிடைத்தது யாரும் பெரிதாக மதிக்காத ஒரு வேலை. ஆளில்லாத சோதனைப் பயணம் ஒன்று இடையில் முறிந்துபோனால் கணிப்பொறி என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதித் தர வேண்டும். அப்படி நேரப்போவதில்லை என்றே எல்லோரும் நம்பியிருந்தனர். அதனால் அவரும் அப்பகுதிக்கு 'மறந்துவிடு' என்று விளையாட்டாகப் பெயர் சூட்டினார். ஆனால் அந்தப் பயணம் உண்மையாகவே முறிந்தது. கணிப்பொறி 'மறந்துவிடு' பகுதிக்குள் நுழைந்தது. அந்த நிமிடத்திலிருந்து அனைவரும் தேடி வந்தது மார்கரெட்டைத்தான். நேராது என்று பிறர் ஒதுக்கியதை, நேர்ந்தால் என்ன செய்வது என்று சிந்திப்பதே தம் பணி என்பதை அவர் அங்கே உணர்ந்தார்.

அந்த விண்கலக் கணிப்பொறியின் ஆற்றலைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதன் எடை ஏறத்தாழ 32 கிலோ. அழித்து எழுதத்தக்க நினைவகத்தில் 2,048 சொற்களுக்கு இடம். அழிக்க இயலாத நினைவகத்தில் 36,864 சொற்களுக்கு இடம். 'சொல்' என்பது இங்கே 16 இலக்கங்களைக் கொண்ட ஓர் எண்கூட்டம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படத்தைச் சேமிக்கக்கூட இதைப்போல் பல மடங்கு இடம் தேவை. அவ்வளவு சிறிய இடத்துக்குள் நிலவுக்குப் போகும் வழியும், இறங்கும் முறையும், திரும்பும் கணக்கும் அடங்க வேண்டும்.

அந்த அழியா நினைவகம் உருவான விதமோ வியப்பூட்டுவது. நுண்ணிய காந்த வளையங்களினூடே செப்புக் கம்பியைக் கையால் கோத்து அதை ஆக்கினார்கள். கம்பி வளையத்திற்குள் நுழைந்து சென்றால் அது '1'; வளையத்துக்கு வெளியே விலகிச் சென்றால் அது '0'. பாய் நெய்பவர் கோரையைப் பாவினூடே மேலும் கீழும் செலுத்துகிறாரே, கிட்டத்தட்ட அதே போன்ற வேலை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்த்தம் நகரில், ரேதியான் நிறுவனத்தின் ஆலையில் இதைச் செய்தவர்கள் பெண் தொழிலாளர்களே. எழுதிய நிரலை ஒருமுறை நெய்துவிட்டால் பிறகு மாற்றுவது எளிதன்று. நெசவுக்கே வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். ஆகவே விண்கலம் புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நிரல் பிழையற்று முடிந்திருக்க வேண்டும்.

ஒரு நள்ளிரவு விருந்திலிருந்து மார்கரெட் திடீரென எழுந்து ஆய்வுக்கூடத்துக்கு விரைந்தாராம். தாம் எழுதிய ஒரு பகுதியில் தவறு இருப்பது அப்போதுதான் அவர் மனத்தில் பளிச்சிட்டது. விடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மூன்று பேருடைய உயிர் அந்த ஒரு வரியைப் பொறுத்தது என்பதை அறிந்தவரால் எப்படி உறங்க முடியும்?

லாரன் அழுத்திய பொத்தான்

மாலை நேரங்களிலும் வார விடுமுறை நாள்களிலும் மார்கரெட் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த நேரங்களில் மகள் லாரனையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வருவார். தாய் நிரல் எழுதுவார். மகள் அலுவலகத் தரையிலேயே உறங்கிவிடுவாள். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எப்படி வேலைக்கு வர மனம் வருகிறது என்று அவரைக் கேட்டவர்களும் உண்டு. ஆம், அமெரிக்காவிலும் இக்கேள்வி பெண்களிடம்தான் கேட்கப்பட்டது!

ஆய்வுக்கூடத்தில் விண்கலத்தின் இயக்கத்தைப் போலவே அமைக்கப்பட்ட மாதிரிக் கருவி ஒன்று இருந்தது. விண்கல வீரர்கள் கணிப்பொறியோடு எண்களால் பேசுவர். ஓர் எண் 'வினை'. மற்றோர் எண் 'பெயர்'. என்ன செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்பதை இவ்விரண்டும் சேர்ந்து சொல்லிவிடும். தாயைப் பார்த்துத் தானும் விண்வெளி வீரராக விளையாடிய லாரன் ஒருநாள் விசைகளைத் தட்டினாள். பறந்துகொண்டிருப்பதாகப் பாவிக்கப்பட்ட விண்கலத்தில் அவள் தேர்ந்தெடுத்துவிட்டது 'பி-01' என்ற பகுதி. அது, கலம் தரையிலிருந்து கிளம்புவதற்கு முன்பு ஆயத்தம் செய்யும் பகுதி. பாதி வழியில் அதை அழைத்ததும் அனைத்தும் குலைந்து நின்றது.

இதற்கு ஒரு தடுப்பு வைக்க வேண்டும். பறக்கும் வேளையில் வீரர் இதைத் தேர்ந்தாலும் கணிப்பொறி அதை ஏற்காதிருக்கும்படி நிரலில் சேர்க்க வேண்டும் என்று மார்கரெட் வேண்டினார். அதிகாரிகள் மறுத்தனர். விண்வெளி வீரர்கள் நன்கு பயிற்றுவிக்கப்பட்டவர்கள். அவர்கள் இத்தகைய தவறைச் செய்ய மாட்டார்கள் என்பது அவர்கள் கூறிய காரணம். நினைவகத்தில் இடமும் குறைவு அல்லவா? பறக்கும்போது 'பி-01' பகுதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று கையேட்டில் ஒரு குறிப்பு எழுத மட்டும் அனுமதி கிடைத்தது.

1968 டிசம்பர் 21 அன்று அப்போலோ-8 புறப்பட்டது. ஃபிராங்க் போர்மன், ஜேம்ஸ் லோவெல், வில்லியம் ஆண்டர்ஸ் ஆகிய மூவரும் மனித வரலாற்றில் முதன்முறையாக நிலவை வலம்வந்தனர். திரும்பும் வழியில், களைத்திருந்த லோவெல் 01 என்ற எண்ணுள்ள விண்மீனைக் குறிப்பிட எண்ணி, பகுதி 01-ஐத் தட்டிவிட்டார்! ஆம், லாரன் செய்த அதே பிழைதான். கலம் இன்னும் பூமியில் ஏவுதளத்தில் நிற்கிறது எனக் கணிப்பொறி எண்ணிக்கொண்டது. கலத்தின் நிலையைக் காட்டும் விவரங்கள் அழிந்தன. தரையிலிருந்தோர் துணைபுரிய, லோவெல் விண்மீன்களை மீண்டும் நோக்கி அளந்து, தாம் எத்திசை நோக்கி இருக்கிறோம் என்பதைக் கணிப்பொறிக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. நல்ல வேளையாக மூவரும் நலமுடன் வீடு திரும்பினர்.

அதன் பிறகு மார்கரெட் கேட்ட தடுப்பை நிரலில் சேர்க்க அனுமதி கிடைத்தது. 'நான் அப்போதே சொன்னேனே!' என்று சுட்டிக்காட்டி மகிழக்கூடிய வெற்றியா இது? இல்லை. எவ்வளவு தேர்ந்தவராயினும் களைப்பில் தவறுவார் என்ற எளிய உண்மையை ஒரு குழந்தையின் விளையாட்டில் அவர் கண்டுகொண்டார். அதில்தான் அவருடைய அறிவின் சிறப்பு இருக்கிறது.

சிரிப்புக்கு இடமான ஒரு பெயர்

வாசகர்களே! 'மென்பொருள் பொறியியல்' என்ற சொற்றொடர் இன்று நம் ஊர்க் கல்லூரிகளின் பாடத்திட்டம்வரை வந்துவிட்டது. அன்று நிலைமை வேறு. பாலம் கட்டுபவர் பொறியாளர். இயந்திரம் செய்பவர் பொறியாளர். கணிப்பொறிக்கு நிரல் எழுதுபவரை அவ்வாறு அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்போலோ திட்டத்தின் தொடக்க காலத்தில் மென்பொருளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டவர்களே இல்லை.

தம்முடைய பணிக்கும் உரிய மதிப்பு வேண்டும், அதற்கென முறைகளும் ஒழுங்குகளும் வேண்டும் என்று கருதிய மார்கரெட், அப்பணியை 'மென்பொருள் பொறியியல்' என்று குறிப்பிடலானார். உடன் பணிபுரிந்தோர் அதை நெடுநாள் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டனர், கேலி பேசினர். பின்னர் ஒருநாள், வன்பொருள் துறையில் அனைவராலும் மதிக்கப்பட்ட ஒருவர் கூட்டத்தில் எழுந்து, மென்பொருள் ஆக்கமும் ஒரு பொறியியல் துறையே என்பதைத் தாமும் ஏற்பதாக அறிவித்தார். அந்நாள் மறக்க இயலாதது என்று மார்கரெட் பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு கூடியபோது, அம்மாநாட்டின் பெயரே 'மென்பொருள் பொறியியல்' என்றிருந்தது. ஒரு கூடத்துக்குள் கேலிக்கு ஆளான பெயர், பல நாட்டு அறிஞர்களின் பேச்சில் ஒரு துறையின் பெயராக நிலைபெறத் தொடங்கியது.

நிலவின் வாசலில் ஓர் எச்சரிக்கை

1969 ஜூலை 20. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் எட்வின் ஆல்ட்ரினும் 'கழுகு' என்ற கலத்தில் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். இன்னும் சில நிமிடங்களே. அவ்வேளையில் கணிப்பொறி 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. சற்று நேரத்தில் மறுபடியும் 1202. பின்னர் 1201. இறங்குவதா, பயணத்தைக் கைவிட்டுத் திரும்புவதா? ஹூஸ்டனில் இருந்த கட்டுப்பாட்டு அறையில், வழிகாட்டும் பொறுப்பிலிருந்த ஸ்டீவ் பேல்ஸ் என்ற இளைஞர் விநாடிகளுக்குள் விடை சொல்ல வேண்டும். எந்தெந்த எச்சரிக்கைக்கு என்ன பொருள் என்று கையால் எழுதிய பட்டியலை ஜாக் கார்மன் என்ற மற்றோர் இளைஞர் தயாராக வைத்திருந்தார். தொடரலாம் என்று அவர் கூற, பேல்ஸ் அதை உறுதிசெய்தார்.

அந்த எச்சரிக்கைக்கு என்ன பொருள்? நம் இல்லத்தரசிகளுக்கு இதை விளக்குவது எளிது. பெருநாள் காலை. ஓர் அடுப்பில் பிரியாணிக்குத் தம் போட்டாயிற்று. மற்றோர் அடுப்பில் வட்டிலப்பம் வேகிறது. இன்னொன்றில் பால் பொங்கி வருகிறது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய தட்டுகள் வரிசையாய்க் காத்திருக்கின்றன. வாசலிலோ விருந்தினர் வந்து நிற்கின்றனர். வீட்டுத் தலைவி என்ன செய்வார்? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்று எதையும் செய்யாமல் நிற்பாரா? பொங்கும் பாலை முதலில் இறக்குவார். தட்டுகள் சற்றே காத்திருக்கட்டும் என்று விடுவார்.

கழுகுக் கலத்தின் கணிப்பொறியும் அதையே செய்தது. அப்போது தேவைப்படாத ஒரு ரேடார் கருவி, மின்னிணைப்பில் இருந்த ஒரு பொருத்தமின்மையால் கணிப்பொறிக்கு இடைவிடாமல் வேண்டாத தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. கணிப்பொறியின் நேரத்தில் ஒரு பங்கை அது தின்றுவிட்டது. வேலைகள் அளவுக்கு மீறிக் குவிந்தன. உடனே கணிப்பொறி தன்னைத்தானே மீண்டும் தொடக்கிக்கொண்டது. முக்கியமில்லாத வேலைகளைத் தள்ளிவிட்டு, கலத்தை நிலைநிறுத்தி இறக்கும் வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. என்ன நடக்கிறது என்பதை வீரர்களுக்கு எச்சரிக்கை எண்ணாகவும் அறிவித்தது. கழுகு நிலவில் இறங்கியது.

எம்.ஐ.டி.யின் கண்காணிப்பு அறையிலிருந்து இதனைக் கேட்டுக்கொண்டிருந்த மார்கரெட்டுக்கு அப்போது வயது 32. கணிப்பொறி இந்தச் சிக்கலை உணர்ந்து தன்னை மீட்டுக்கொள்ளாதிருந்தால், நிலவில் இறங்குவது வெற்றியாக முடிந்திருக்குமா என்பது ஐயமே என்ற கருத்தை, 1971-இல் 'டேட்டாமேஷன்' இதழுக்கு எழுதிய மடலில் அவர் தெரிவித்தார்.

புகழைப் பகிர்ந்தளித்தல்

இங்கே நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போலோ மென்பொருள் முழுவதையும் மார்கரெட் ஒருவரே எழுதினார் என்று சிலர் மிகைபடக் கூறுவதுண்டு. அது உண்மையன்று. வேலைகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி இயக்கும் அடிப்படை அமைப்பை வகுத்தவர் ஹால் லேனிங். நிலவில் இறங்கும் பகுதியின் நிரலை எழுதியவர்களுள் ஒருவர் டான் ஐல்ஸ். நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்த பணி அது. அந்தப் பெரும் பணியில் விண்கல மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கும் நிலைக்கு உயர்ந்ததும், பிழை நேர்ந்தால் கண்டறிந்து மீள்வதற்கான வழிகளை அதில் சேர்ப்பதில் முனைந்து நின்றதுமே மார்கரெட்டின் பெருமை. அதற்குமேல் அவருக்குப் பொய்ப் புகழ் தேவையில்லை.

1969-இல் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படம் இன்று உலகெங்கும் அறிமுகமாகியிருக்கிறது. அச்சிட்ட நிரல் தாள்களின் கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கின்றன. அருகே புன்னகையுடன் மார்கரெட். அந்த அடுக்கில் அவருடைய வரிகளும் உண்டு. அவருடைய தோழர்களின் வரிகளும் உண்டு. வால்த்தம் ஆலையில் கம்பி கோத்த பெண்களின் பெயர்களோ அதில் இல்லை. அவர்களையும் நாம் மறந்துவிடக் கூடாது.

பிழைகளிலிருந்து ஒரு கல்வி

நிலவுப் பயணத்தோடு மார்கரெட்டின் பணி நின்றுவிடவில்லை. விண்வெளி நிலையமான ஸ்கைலேபின் மென்பொருளிலும் பங்காற்றினார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் சிந்தனைக்குரியது. அப்போலோ ஆக்கத்தின்போது கண்டறியப்பட்ட பிழைகளையெல்லாம் திரட்டி, அவற்றை ஆராயத் தொடங்கினார். வெற்றி பெற்றவர்கள் தம் வெற்றியைப் பேசுவார்கள். தம் தவறுகளைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்?

அந்த ஆய்வில் ஓர் உண்மை தெளிந்தது. பெரும்பாலான பிழைகள் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் இடையே உள்ள தொடர்பில்தான் பிறந்தன. ஒருவர் ஒன்றை எண்ணி எழுத, மற்றவர் வேறொன்றாக விளங்கிக்கொள்கிறார். சிக்கல் அங்கே முளைக்கிறது. குடும்பங்களிலும் இது உண்மைதானே? ஆகவே, பிழை செய்தபின் தேடித் திருத்துவதைவிட, பிழை நுழையவே இடமில்லாதபடி தொடக்கத்திலேயே வடிவமைப்பது எவ்வாறு என்பது அவருடைய வாழ்நாள் ஆய்வாயிற்று.

1976-இல் சேடீன் செல்டின் என்ற பெண்மணியுடன் சேர்ந்து 'ஹையர் ஆர்டர் சாப்ட்வேர்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் 1986-இல் கேம்பிரிட்ஜில் 'ஹாமில்ட்டன் டெக்னாலஜீஸ்' என்ற தம் சொந்த நிறுவனத்தை ஏற்படுத்தினார். அங்கே அவர் உருவாக்கிய மொழியும் முறையும் மென்பொருள் உலகில் பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. எல்லா உழைப்பும் நிலவில் இறங்குவதில்லை! ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. மருத்துவக் கருவிகளையும் விமானங்களையும் வங்கிக் கணக்குகளையும் மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டோம். அதில் ஒரு பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்ற கவலை இப்போது நம் எல்லோருடைய கவலையாகவும் ஆகிவிட்டது.

உரிய பாராட்டு அவருக்குத் தாமதமாகவே வந்தது. 1986-இல் கணிப்பொறித் துறைப் பெண்கள் சங்கம் அவருக்கு 'அடா லவ்லேஸ்' விருதை வழங்கியது. 2003-இல் நாசா அவருக்கு 37,200 டாலர் கொண்ட சிறப்பு விருதை அளித்தது. அதுவரை நாசா தனி ஒருவருக்கு அளித்த தொகைகளில் அதுவே பெரியது. அதற்குள் நிலவில் மனிதர் இறங்கி 34 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2016 நவம்பர் 22 அன்று, அமெரிக்கக் குடிமக்களுக்கு வழங்கப்படும் மிக உயரிய விருதான அதிபரின் விடுதலைப் பதக்கத்தை அதிபர் பராக் ஒபாமா அவருக்கு அணிவித்தார். அப்போது அவருக்கு வயது 80.

நமக்கு உரியது

அன்புப் பெற்றோர்களே! சகோதரிகளே! இப்பெண்மணியின் வாழ்க்கையைப் படித்து வியந்து இதழை மூடி வைத்துவிடுவது எளிது. ஆனால் இரண்டு செய்திகளை மட்டும் நம் இல்லங்களுக்குள் எடுத்துச் செல்ல வேண்டுகிறேன்.

ஒன்று: கணிதம் நன்றாக வருகிறது என்று ஆசிரியை சொல்லும் மகளிடம், 'இதையெல்லாம் படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்று கேட்டுவிடாதீர்கள். 1958-இல் பட்டம் பெற்ற மார்கரெட்டிடம் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் அவராலும் விடை சொல்லியிருக்க முடியாது. அவர் செய்யப்போகும் தொழிலுக்கு அன்று பெயர்கூட நிலைபெறவில்லை! உங்கள் மகள் செய்யப்போகும் தொழிலுக்கும் இன்னும் பெயர் ஏற்படாமல் இருக்கலாம். படித்து வைப்பது அவள் கையில். இடம் விடுவது நம் கையில்.

மற்றொன்று: வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும், 'இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?' என்று கேட்பவரை நாம் பயந்தாங்கொள்ளி என்கிறோம். அபசகுனமாகப் பேசாதே என்று வாயை அடைக்கிறோம். கேட்பவர் பெண்ணாக இருந்துவிட்டாலோ சொல்ல வேண்டியதே இல்லை. வீரர்கள் தவற மாட்டார்கள் என்று நம்பியவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களும் தேர்ந்த அறிஞர்களே. அவர்களுக்கு முன்னால் ஒரு குழந்தையின் விரலைச் சான்றாகக் காட்டி ஒரு தாய் பேசினார். அவர் சொல்லைக் கேட்காத அச்சில மாதங்களில் மூன்று உயிர்கள் விண்வெளியில் இடருக்கு உள்ளாயின.

நாளை உங்கள் இல்லத்திலும் ஒரு சிறுமி தொடக்கூடாத ஏதோ ஒன்றைத் தொட்டு நிறுத்திவிடுவாள். அதட்டுவதற்கு முன் ஒரு கணம் பொறுத்து, அவள் எதைத் தொட்டாள், அதனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். நமக்குத் தெரியாத ஒன்றை அவள் காட்டிக்கொடுத்திருக்கலாம்.